பழையது என்ற சொல்

இந்துக் கல்லூரி மலரிலே சாராயத்தைப் பற்றியா என்று மூத்த அன்பர்கள் முகஞ் சுழிக்கலாம். குடிக்குமாறு கூற யாம் வந்திலேம். வெள்ளவத்தையிலுங் கொட்டாஞ்சேனையிலும் கலியாண வீடுகளின் பின்புறத்தே போத்தல் திறக்கப்படுவதை யாவரும் அறிவர். அங்கே "பழையது" என்றதுந் தலையாட்டும் அன்பர்களுக்கே இதனை எழுதுகின்றோம்.

அமெரிக்கரின் பேர்பன் விஸ்கி, உட்புறங் கருக்கிய புதிய ஓக் மரக்கலத்தில் முதிர்வது. 'ஸ்ட்ரெயிட்' என்னும் பெயர் பெற 2 ஆண்டேனும் அதிற் கிடத்தல் வேண்டும். நிறஞ் சேர்த்தல் ஆகாது. 4 ஆண்டிற் குறைந்ததாயின் வயதைப் பொறித்தே தீரல் வேண்டும். கலவையாயின் இளையதன் வயதே கணக்கு.

எமது தென்னஞ்சாராயமோ, களுத்துறைக் கரையிலே மரத்துக்கு மரங் கயிற்றில் நடந்து இறக்கிய கள்ளினின்றும் வடிக்கப்படுவது. ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றழைத்த ஹல்மில்லத் தொட்டியில் முதிர்வது. சிறிது தண்ணீர் விட்டு, முதலில் முகர்ந்து, பின்பு நாவிலிட்டுப் பார்த்தால் அது பேர்பனுக்குப் பின்னிற்பதன்று என்பது எம் துணிபு. ஆயினும் "பழைய" என்னுஞ் சொல் மாத்திரம் ஆண்டைச் சொல்லாது. நிறமோ கருக்கிய சீனியாலும் வரும். வேறு மதுசாரங் கலந்தவையும் சாராயம் என்றே விலைப்படுகின்றன. கயிற்றிலே உயிரை வைத்து நடப்பவனின் உழைப்பு அவற்றில் எத்தனை பங்கு? அதனையும் வயதையும் போத்தலின் முகப்பில் இலக்கத்திற் காணும்வரை, கலியாண வீட்டில் யாம் தலையாட்டோம்.