தாவிப் பார்ப்போர்க்கு ஏன் தடை?

பதிவு செய்த விரிவுரையைத் தாவித் தாவிப் பார்க்கும் மாணவனைச் சோம்பேறி என்பார் உளர். நூலைப் புரட்டி வேண்டிய பக்கத்தை எடுப்பவனை அவ்வாறு சொல்வார் உண்டோ? தேர்வுக்கு முதல்நாள் இரவு, ஓர் ஐயம் தீர்க்க ஒருமணி நேர உரை முழுவதையும் கேட்க இயலுமா? வேண்டிய இடத்தைத் தொடுகிறான். திரையிலோ வட்டம் சுழல்கிறது. பத்து முறை தாவினால் பத்து முறை காத்திருப்பு!

பழி முழுவதும் விடுதியின் இணைய இணைப்பின்மீது விழுகிறது. அது முழு உண்மையன்று. காணொளியில் எல்லாப் படங்களும் முழுமையாகப் பதிவதில்லை. இடையிடையே ஒரு முழுப்படம். மற்றவை மாறுதல்களை மட்டும் குறிப்பன. ஆகவே, தாவிய இடத்தைக் காட்ட, அதற்கு முந்திய முழுப்படத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். பலரும் பயன்படுத்தும் எக்ஸ்264 மென்பொருளை அதன் போக்கில் விட்டால், காட்சி மாறாத கரும்பலகை வகுப்பில் 250 படங்களுக்கு ஒரு முழுப்படமே வைக்கும். நொடிக்கு 25 படமெனில் அது 10 நொடி! அந்த எண்ணை 50 ஆக்கினால் 2 நொடிக்கு ஒன்று கிடைக்கும். கோப்புச் சற்றே பெருக்கும், காத்திருப்புக் குறையும்.

பல்கலைக் கழகத் தளத்திலேயே விரிவுரைகளை வெளியிடும் துறைகள் இதனைச் செய்க. எந்தப் பொருள் எந்த நிமிடத்தில் வருகிறது என்ற பட்டியலையும் சேர்க்க. தோழர்களே, நாமும் குறைந்த தெளிவில் தேடி, இடம் கிடைத்தபின் தெளிவைக் கூட்டுவோம். ஏட்டைப் புரட்டும் உரிமை காணொளியிலும் வேண்டும். அதைக் கேட்பது சலுகையன்று, கல்வியின் தேவை.