கலப்பினால் விழிக்கும் காந்தம்

இரத்தினபுரி நீலக்கல்லை அறியாதார் நம்மிடையே இலர். அதன் மூலப்பொருளாகிய குருந்தம் தூய நிலையில் நிறமற்றது. மிகச் சிறிதளவு இரும்பும் தைத்தேனியமும் அதனுட் கலந்தமையாலேயே கண்ணைக் கவரும் நீலம் பிறக்கின்றது. மாசு என்று நாம் இகழ்வதே அங்கு அழகுக்குக் காரணமாகின்றது. இயற்கை செய்த இவ்வேலையை விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே செய்கின்றனர். நிறத்துக்காக அன்று, காந்தத்துக்காக.

காந்த ஒழுங்கும் மின் ஒழுங்கும் ஒருங்கே அமைந்த பளிங்குகள் மிகச் சிலவே. அவற்றுக்கு 'மல்ட்டிபெரோயிக்' என்னும் பெயரை 1994 இல் வழங்கியவர் ஜெனீவாவிற் பணியாற்றிய ஹான்ஸ் ஷ்மிட். இத்தகைய பளிங்கில் மின்னழுத்தத்தால் காந்தத்தைத் திருப்ப இயலுமாயின், மிகக் குறைந்த மின்சக்தியுடன் கணினியில் நினைவை எழுதலாம் என்பதே அறிஞர்களின் நம்பிக்கை.

இவ்வினத்துட் பெயர்பெற்றது பிசுமது பெரைற்று. பிசுமது, இரும்பு, ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. பிசுமது மின்குணத்தையும் இரும்பு காந்தக் குணத்தையும் அளிக்கின்றன. காந்த ஒழுங்கு ஏறக்குறைய 370 பாகை செல்சியஸ் வரையும், மின் ஒழுங்கு 800 பாகைக்கு அப்பாலும் நிலைத்திருக்கும்.

அவ்வாறாயின் அஃது ஆணியை இழுக்க வேண்டுமன்றோ? இழுப்பதில்லை. அடுத்தடுத்த இரும்பணுக்களின் காந்தங்கள் எதிரெதிர்த் திசை நோக்கி ஒன்றையொன்று அழிக்கின்றன. அவற்றின் சிறு சாய்வினால் எஞ்சும் காந்தமும் ஒரே திசையில் நில்லாது, 62 நனோமீற்றருக்கு ஒரு சுற்றாகத் திரும்பிக்கொண்டே செல்கின்றது. 1982 இல் வெளிப்பட்ட உண்மை இது. ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறக்குறைய 16,000 சுற்றுகள்! கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது பூச்சியமே. வடம் பிடித்தோர் ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் நகருமா?

இங்கேதான் கலப்பு துணைக்கு வருகின்றது. நூறு பிசுமது அணுக்களுள் ஏறக்குறைய பத்தை அகற்றி, அவ்விடத்தில் நியோடைமியம், சமாரியம் போன்ற அருமண் உலோக அணுக்களை வைக்கின்றனர். இவை பிசுமதிலும் சிறியவை. ஆதலால் பளிங்கின் கட்டமைப்புச் சற்றே நெளிகின்றது. இரும்பையும் ஒட்சிசனையும் இணைக்கும் பிணைப்புகளின் கோணம் மாறுகின்றது. அந்தச் சுழல் குலைகின்றது. அதனுள் மறைந்திருந்த மெல்லிய காந்தம் வெளிப்படுகின்றது. ஆயினும் கலப்பு மட்டு மீறினால் பளிங்கின் வடிவமே மாறி, மின்குணம் மறைந்துவிடும்.

இன்னோர் இடரும் உண்டு. சூளையிற் சுடும்போது பிசுமது எளிதில் ஆவியாகும். எஞ்சும் இரும்பு, வலிய காந்தமுடைய வேறு ஒட்சைட்டாக மாறக்கூடும். அதில் ஒரு துகள் இருந்தாலும் கருவி ஏமாந்துவிடும். இப்பளிங்கின் மென்படலத்திற் பெருங் காந்தம் கண்டதாக 2003 இல் வெளியான முடிவை, 2005 இல் வேறு ஆய்வாளர் மறுத்தனர். ஆதலால் காந்தம் கண்டவுடன் மகிழ்வதன்று விஞ்ஞானம். அது பளிங்கினுடையதா, ஒட்டிய மாசினுடையதா எனத் தேர்ந்தறிவதே விஞ்ஞானம்.

மாணவர்களே, நாம் வேண்டிச் சேர்த்த கலப்பு வேறு. அறியாமற் புகுந்த கலப்பு வேறு. இரண்டையும் பிரித்தறியும் பொறுமை உடையவனுக்கே பளிங்கு தன் மறையை உரைக்கும்.