புள்ளி தவறினால் கூலி தவறலாமா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் முகவரி என்பது வெகுகாலம் வாய்ச்சொல்லாகவே இருந்து வந்தது. "கொத்துவால் தெருவில், கயிற்றுக் கடைக்கு எதிர்ச் சாரி" என்றால் போதும். நாகர்கோவிலிலிருந்து முதல் நாள் வந்து இறங்கிய பையனும் மூட்டையைச் சரியான படியில் இறக்கி வைத்துவிடுவான். திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய இந்தக் கடைத்தெரு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

இன்று அந்த வேலையைச் செல்போனில் நகரும் ஒரு நீலப் புள்ளி எடுத்துக்கொண்டுவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர், செயலி வழியே சவாரி எடுக்கும் ஆட்டோக்காரர், மளிகைச் சாமான் வீடு வீடாகக் கொடுப்பவர் ஆகிய எல்லோருக்கும் அந்தப் புள்ளிதான் மேஸ்திரி. புள்ளி நிற்கும் இடமே ஆள் நிற்கும் இடம் என்று கணக்கு. புள்ளி ஒரு தெரு தள்ளி நின்றால் கடை வாசலில் காத்து நிற்பவருக்கு ஆர்டர் வராது. ஓடிய தூரம் குறைவாகப் பதியும். "வந்து சேரவில்லை" என்ற புகார் எழும். கடைசியில் கை வைக்கப்படுவது அவருடைய கூலியில்தான்.

இதற்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றே: "போன் பழசாகிவிட்டது, புதுசு வாங்கு." தவணையில் வாங்கிய பழைய போனுக்கே இன்னும் பணம் கட்டி முடியாதவரிடம் சொல்லப்படும் யோசனை இது. இது சரியான யோசனை அல்ல. காசு செலவில்லாத பரிகாரங்கள் பல இருக்கின்றன. அவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகும் புள்ளி தவறினால், அதைத் தொழிலாளியின் குற்றமாக எழுதுவதில் நியாயம் இல்லை.

வானத்திலிருந்து வரும் மணியோசை

ஜி.பி.எஸ். என்பது மாயவித்தை அல்ல. ஊரின் நான்கு திசைகளிலும் நான்கு மணிக்கூண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நான்கும் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. எந்த மணியின் ஓசை எவ்வளவு தாமதமாகக் காதில் விழுந்தது என்று கணக்கிட்டால், கேட்பவர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள்தான் அந்த மணிக்கூண்டுகள். முதல் செயற்கைக்கோள் 1978-ல் ஏவப்பட்டது. 1995-ல் ஏற்பாடு முழுமை பெற்றது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியத்தைக் குறைத்துக் கொடுத்து வந்த அமெரிக்க அரசு, 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்தத் தடையை நீக்கியது. அதன் பிறகுதான் இது சாமானியர் கைக்கு உதவும் கருவியாயிற்று.

ஆனால் அந்த மணியோசை மிக மிக மெல்லியது. ஒரு வாட் மின்சக்தியைக் கோடி கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மேலும் நூறு கூறாக்கினால் கிடைக்கும் அளவுதான் போனை வந்தடைகிறது. நேரக் கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடக் கணக்கில் 300 மீட்டர் பிசகிவிடும். இவ்வளவு நுட்பமான ஒன்றுக்கு ஒரு தகரக் கூரையே பெரிய தடை. அந்நாளில் இலங்கை வானொலி கேட்க டிரான்சிஸ்டரை ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதி எளிதில் விளங்கும். ஜி.பி.எஸ். விஷயத்தில் ஜன்னல் என்பது திறந்த வானம்.

முதலில் செய்ய வேண்டியவை

முதற்பரிகாரம் போனின் உறையைக் கழற்றுவது. உலோக உறை, வண்டியில் ஒட்டி நிறுத்துவதற்காகப் பின்புறம் வைக்கும் இரும்புத் தகடு, விரல் மாட்டும் வளையம் ஆகியவை ஆன்டெனாவை மறைத்துவிடக் கூடும். அவற்றை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அடுத்து, எது தவறுகிறது என்று கவனிக்க வேண்டும். புள்ளி சரியான இடத்தில் நின்று, அம்பு மட்டும் வேறு திசை காட்டினால் அது ஜி.பி.எஸ். கோளாறு அல்ல, போனுக்குள் இருக்கும் திசைகாட்டியின் கோளாறு. காந்தம் அருகில் இருந்தால் இப்படி ஆகும். காந்தத்தை அகற்றிவிட்டு, போனைக் கையில் பிடித்து எட்டு என்ற எண் போல் சில தடவை சுழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவது, அமைப்புகளைச் சோதிப்பது. பேட்டரியை மிச்சம் பிடிக்கும் வசதி போட்டிருந்தால், திரை அணைந்ததும் இருப்பிடம் பார்ப்பதைப் போன் குறைத்துக்கொள்ளக் கூடும். வேலை நேரத்தில் அதை அணைத்து வைப்பது நல்லது. வேலைக்கான செயலிக்குத் "துல்லியமான இருப்பிடம்" என்ற அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மொபைல் டேட்டாவும் முக்கியம். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைச் செயற்கைக்கோள்களிடமிருந்தே முழுவதும் வாங்கப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். இணையம் வழியாக வாங்கினால் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

நான்காவது, காலையில் வேலை தொடங்கும் முன் திறந்த வானத்தின் கீழ் இரண்டு நிமிடம் நிற்பது. சந்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ நின்றுகொண்டு செயலியைத் தொடங்குவதைவிட, கிழக்கே கோட்டையின் வெட்டவெளியில் நின்று தொடங்குவது மேல். சரக்கு வேனில் போனை இருக்கைக்கு அடியில் போடாமல் முன் கண்ணாடி ஓரமாக வைக்க வேண்டும். ஸ்கூட்டரின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புள்ளியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

போனைத் திறக்கலாமா?

இவ்வளவும் செய்த பிறகும் கோளாறு நீங்கவில்லையென்றால், குறை போனிலா இடத்திலா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை இருக்கிறது. செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையையும் சமிக்ஞையின் பலத்தையும் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. அதை இரண்டு போன்களில் போட்டு, ஒரே இடத்தில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். திறந்த வெளியில் நல்ல போனில் பல செயற்கைக்கோள்களின் பலம் 35-க்கு மேல் இருக்கும். இரண்டு போனிலும் குறைவாக இருந்தால் இடத்தின் குறை. ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தப் போனின் குறை. ரிப்பேர் கடைக்குப் போகும் முன் இதைச் செய்தவரை ஏமாற்றுவது கடினம்.

போனின் குறை என்று தெரிந்தால், பல சமயம் காரணம் அற்பமாகவே இருக்கும். ஆன்டெனா பின்மூடியிலோ சட்டத்திலோ இருக்கிறது. சர்க்யூட் பலகையிலுள்ள சிறு நாக்கு போன்ற ஸ்பிரிங்குகள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. போன் கீழே விழுந்தாலோ, திரை மாற்றியபோது சரியாகப் பொருத்தாமல் விட்டாலோ, அழுக்கு படிந்தாலோ அந்தத் தொடுப்பு விட்டுப்போகும். 2010-ல் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ் போனில் ஜி.பி.எஸ். பலவீனம் என்று உலகெங்கும் புகார் எழுந்தது. அந்த நிறுவனமே குறையை ஒப்புக்கொண்டு மென்பொருள் திருத்தம் தருவதாக அறிவித்தது. அதற்குள் பயனாளிகள் பலர் போனைத் திறந்து, அந்த ஸ்பிரிங்கைச் சற்றே நிமிர்த்திவிட்டுப் பலன் கண்டார்கள்.

பின்மூடியும் பேட்டரியும் கையால் கழற்றக்கூடிய பழைய மாதிரிப் போனாக இருந்தால், இதை வீட்டிலேயே செய்யலாம். போனை அணைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, தொடுபுள்ளிகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து மூடினால் போதும். ஆனால் பின்புறம் பசையால் ஒட்டப்பட்ட இன்றைய போன்களில் இந்த வேலை வேண்டாம். சூடு காட்டி நெம்பும்போது பேட்டரியில் கீறல் விழுந்தால் தீப்பிடிக்கும்; தண்ணீர் புகாமல் காக்கும் ஒட்டும் போய்விடும். அதைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். "ஆன்டெனா தொடுப்பைப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. போனின் முதுகில் அலுமினியத் தாள் ஒட்டினால் சமிக்ஞை கூடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வருகிற சமிக்ஞையையும் மறைத்துவிடும்.

தும்பா சொல்லும் பாடம்

எந்த ரிப்பேருக்கும் கட்டுப்படாத தவறுகளும் உண்டு. சாலையின் குறுகிய சந்துகளில் சமிக்ஞை நேராக வராமல், சுவரிலும் தகரத்திலும் மோதித் திரும்பி வருகிறது. சுற்றி வந்த ஓசையை நேராக வந்த ஓசை என்று போன் எடுத்துக்கொள்கிறது. திறந்த வானத்தின் கீழேயே ஸ்மார்ட்போனின் துல்லியம் சுமார் 5 மீட்டர் என்கிறது அமெரிக்க அரசின் குறிப்பு. சாலைச் சந்தில் 5 மீட்டர் என்றால் அது எதிர்ச் சாரிக் கடை.

இன்னொரு காரணம் வானத்தில் இருக்கிறது. அதை ஆராய்ந்த இடம் சாலைக்கு அருகிலேயே உள்ளது. பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால்தான் தும்பா மீனவர் கிராமம் ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மீனவர்கள் நிலத்தையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுக்க, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் பணிபுரிந்த இடம் அது. காந்த நடுக்கோட்டின் மேலே வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற அடுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று அறிவதே அந்த ஆராய்ச்சியின் முக்கிய நோக்கம். செயற்கைக்கோளின் சமிக்ஞை இந்த அடுக்கைக் கடந்துதான் வர வேண்டும். அங்கே அது தாமதப்படுகிறது. சூரியன் மறைந்த பிறகு சில இரவுகளில் தடுமாறவும் செய்கிறது. 2024 மே மாதம் வீசிய சூரியப் புயலின்போது அமெரிக்காவில் ஜி.பி.எஸ். கொண்டு உழும் டிராக்டர்களே விதைப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

இந்தியாவின் சொந்த ஏற்பாடான நாவிக் திட்டத்தையும் பார்க்கலாம். முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. பின்னர் சில செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2017 ஆகஸ்டில் மாற்றுக்கு அனுப்பிய ஒன்று, வெப்பக் கவசம் பிரியாததால் வீணாயிற்று. 2025 ஜனவரியில் அனுப்பிய என்.வி.எஸ்-02 குறித்த சுற்றுப்பாதையை அடையவில்லை. இது விஞ்ஞானிகளைக் குறை சொல்வதற்காக அல்ல. பழுது பார்த்து மீண்டும் அனுப்புவதே அவர்கள் வழி. கோடிகள் செலவிட்ட கடிகாரமே பழுதாகும் என்று ஏற்றுக்கொள்ளும் உலகம், சில ஆயிரம் ரூபாய்ப் போன் ஒரு தெரு பிசகியதற்குத் தொழிலாளியின் பேட்டாவைப் பிடிப்பது என்ன நியாயம்?

வட்டத்தைப் பார்க்க வேண்டும்

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. இருப்பிடத்தைப் பார்க்காவிட்டால் போகாமலே போனதாகச் சொல்பவர்களைப் பிடிப்பது எப்படி என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை போனிலேயே இருக்கிறது. நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டம் தெரியும். "இந்த இடத்தில் இருக்கலாம்; இவ்வளவு மீட்டர் பிசகவும் கூடும்" என்று போன் தானே ஒப்புக்கொள்வதுதான் அந்த வட்டம். இந்த அளவைச் செயலியும் போனிடமிருந்து பெற முடியும். வட்டம் சிறிதாக இருக்கும்போது கேள்வி கேட்கட்டும். பெரிதாக இருக்கும்போது சந்தேகத்தின் பலனைத் தொழிலாளிக்குக் கொடுக்கட்டும். கச்சேரியில் குற்றவாளிக்கே கிடைக்கும் சலுகை உழைப்பாளிக்குக் கிடைக்கக் கூடாதா?

தொழிலாளியும் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். புள்ளி தவறும் இடத்தில், வட்டம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து, கடையின் பெயர்ப்பலகையோடு ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லாத காலத்தில் அதுவே சாட்சி.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் ரிப்பேர் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று தனி இணையத் தளமும் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு ஆண்டுகள் போன் உதிரிபாகங்கள் கொடுக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய கட்டாயம் இங்கும் வர வேண்டும். சாலை வியாபாரிகள் செலவில்லாத ஓர் உதவி செய்யலாம்: கடை எண்ணையும் தெருப் பெயரையும் மலையாளத்திலும் தமிழிலும் தெளிவாக எழுதி வைத்தால், புள்ளி கைவிட்டாலும் பலகை கைவிடாது.

உறையைக் கழற்றுவதும் தொடுபுள்ளியைத் துடைப்பதும் தொழிலாளி செய்யக்கூடிய ரிப்பேர். புள்ளியை மட்டும் நம்பிக் கூலியைப் பிடிக்கும் கணக்கைத் திருத்துவது நிறுவனங்கள் செய்ய வேண்டிய ரிப்பேர். முதலாவதைச் சாலையில் இன்றே தொடங்கலாம். இரண்டாவதைத் தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டும்.