எத்தனை கிலோமீட்டர்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த கியர்பாக்ஸ்னு கேளுங்க

மெக்கானிக்கலோ ஐடியோ, எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் ஒருநாள் வீட்டிலிருந்து அந்த போன் வரும். "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி பாத்திருக்கோம். பெட்ரோல், ஆட்டோமேட்டிக். சனிக்கிழமை வந்து பாத்துச் சொல்லு." அம்மாவுக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. தாத்தாவை மாசாமாசம் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்பா எஃப்.டி.யை உடைச்சு ஐந்து லட்சம் எடுத்து வெச்சிருக்கார். அந்த ஐந்து லட்சம் இப்போ உங்க வாயிலிருந்து வரப்போற ஒரு வார்த்தையை நம்பி நிக்குது. அதனால "நல்ல கம்பெனிப்பா, எடுத்துடலாம்", "நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, சூப்பர்" மாதிரி பதில்கள் தயவுசெய்து வேண்டாம்.

ரிலையபிலிட்டிக்கு நம்ம பாடத்துல இருக்கற வரையறை ஞாபகம் இருக்கா? குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்வதற்கான நிகழ்தகவு. இரண்டு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துடறோம். கம்பெனியோட நல்ல பேர் லட்சக்கணக்கான வண்டிகளின் சராசரி. நீங்க வாங்கப்போறது ஒரே ஒரு வண்டி. அது எந்தச் சூழலில் ஓடியது என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. சிட்டி டிராஃபிக்கில் சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் இன்ஜின் சுமார் 2,670 மணி நேரம் ஓடியிருக்கும். சராசரி 60 வேகத்தில் ஹைவேயில் 1,20,000 ஓடிய வண்டிக்கு 2,000 மணி நேரம்தான். 'குறைவாக ஓடின' வண்டிதான் அதிகம் உழைச்சிருக்கு! அதுவும் சூட்டில், நின்னு நின்னு, ஆயிரக்கணக்கான முறை கிளம்பி. டிராக்டருக்கு மணிக்கணக்கு காட்டும் மீட்டர் வெச்சவங்க காருக்கும் வெச்சிருக்கலாம்.

இப்போ கியர்பாக்ஸ். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லுக்குள்ள நாலு வேறு வேறு இயந்திரங்கள் ஒளிஞ்சிருக்கு. விற்கிறவருக்கே பல சமயம் எதுன்னு தெரியாது. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்க இடது காலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர் கிளட்சை மிதிக்குது. இங்கே 2014-ல் மாருதி செலெரியோவோடு பரவலாச்சு. மேட்டில் பிரேக் போடாம ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திப் பிடிக்கிற பழக்கம் முந்தின ஓனருக்கு இருந்திருந்தா, கிளட்ச் தேஞ்சிருக்கும். டார்க் கன்வெர்ட்டரில் சுழற்சி எண்ணெய் வழியாகப் போகுது. கிளம்பும்போது உரசித் தேய அங்கே கிளட்ச் இல்லை. சிவிடியில் இரண்டு புல்லிக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட். அதை வழுக்காமல் பிடிச்சிருப்பது எண்ணெயின் அழுத்தம். அதனால சரியான சிவிடி ஆயிலை நேரத்துக்கு மாத்தினாங்களா என்பதுதான் அதன் ஜாதகம். 2014 ஹோண்டா சிட்டியில் இருப்பது இது. அதுக்கு முந்தின தலைமுறை சிட்டியில் 5 கியர் டார்க் கன்வெர்ட்டர். ஒரே பேர், உள்ளே வேற ஆள்.

நாலாவது, இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி. ஓட்ட அற்புதம், எனக்கும் பிடிக்கும். ஆனா உலர் கிளட்ச் வகைக்கு நெரிசல் சூடு ஆகாது. ஃபோக்ஸ்வேகன் 2012-ல் சீனாவில் தன் டிஎஸ்ஜி பெட்டிகளுக்கு வாரண்டியை 10 வருஷம், 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் அமெரிக்காவில் கோர்ட் வரை போனது. நம்ம மறைமலைநகரில் செஞ்ச ஈகோஸ்போர்ட்டிலும் முதலில் பவர்ஷிஃப்ட்தான் இருந்தது. 2017-ல் அதை எடுத்துட்டு டார்க் கன்வெர்ட்டர் வெச்சாங்க. டிசிடியின் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனா, மெக்கானிக் லட்சத்தில் பேசுவார்.

என் கருத்து வெளிப்படை: குடும்பத்துக்கு முதல் சாய்ஸ் டார்க் கன்வெர்ட்டர். 2018 எர்டிகாவில் "நாலே கியரா?" என்று சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், மைலேஜ் கொஞ்சம் குறையட்டும். அடுத்தது, சர்வீஸ் பில் கையில் இருக்கும் சிவிடி. பட்ஜெட் சின்னதுன்னா ஏஎம்டி. கிளட்ச் செலவு ஆயிரங்களில் முடியும். வாரண்டி முடிஞ்ச உலர் டிசிடி, எவ்வளவு மலிவா வந்தாலும், வேண்டாம். "இந்த கியர் ஆயில் லைஃப்டைம், மாத்தவே வேணாம்" என்று யாராவது சொன்னா, யாருடைய லைஃப்டைம்னு கேளுங்க. சூட்டில் எண்ணெய் கெடும், இது கெமிஸ்ட்ரி.

பார்க்கப் போகும்போது, நீங்க வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானெட்டில் கை வைங்க. சூடா இருந்தா யாரோ வார்ம்-அப் பண்ணி வெச்சிருக்காங்க. பிரேக்கை மிதிச்சபடி ஆர்-லிருந்து டி-க்கு மாத்துங்க. தாமதமோ 'டக்'னு அடியோ வருதா? ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு ஃபிரண்ட்ஸ்கிட்ட நிச்சயம் இருக்கும். ஃபால்ட் கோடு எதுவும் இல்லைன்னு காட்டினா உடனே சந்தோஷப்படாதீங்க. ரெடினஸ் மானிட்டர்கள் 'முடியவில்லை'ன்னு காட்டினா, சமீபத்துல யாரோ கோடை அழிச்சிருக்க வாய்ப்பு அதிகம். சென்னை வண்டின்னா சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்க. 2015-லும் 2023 மிக்ஜாமிலும் தண்ணியில் நின்ன வண்டிகளுக்குச் சேற்றுக் கோடு அங்கேதான் மிச்சமிருக்கும்.

அப்புறம் டெஸ்ட் டிரைவ். விற்கிறவர் ஈசிஆரில் இரண்டு கிலோமீட்டர் கூட்டிட்டுப் போவார். காலி ரோட்டில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நீங்க அரை மணி நேரம் கேளுங்க, சாயங்கால நெரிசலில், ஏசி போட்டு, நாலு பேர் உக்காந்து, ஒரு ஃப்ளைஓவர் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பி. பெட்டி சூடான பிறகுதான் டிசிடியும் சிவிடியும் நடுங்க ஆரம்பிக்கும், ஏஎம்டி கிளட்ச் வாடை வரும். ஆர்பிஎம் ஏறுது ஆனா வேகம் ஏறலைன்னா உள்ளே ஏதோ வழுக்குதுன்னு அர்த்தம். அரை மணி நேரம் தர மாட்டேன்னு சொன்னா, அப்பாவைக் கூட்டிட்டு அடுத்த வண்டியைப் பாக்கப் போங்க. எல்லாம் சரியா இருந்தா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, கியர்பாக்ஸ் வேலை தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கிட்ட காசு கொடுத்து, லிஃப்டில் ஏத்தி அடியில் எண்ணெய் கசிவு பாக்கச் சொல்லுங்க.