அந்தத் தமிழ்க் குரலை எங்கே வைத்தீர்கள்?

நான் சந்தா கட்டும் ஓடிடி நிறுவனம் ஒன்று இந்த வாரம் கட்டணத்தை ஏற்றிவிட்டது. ஏற்றியதோடு இனி இடையிடையே விளம்பரமும் வருமாம். விளம்பரம் வேண்டாமென்றால் அதற்குத் தனியாக ஒரு தொகை. அந்த அறிவிப்பைப் படித்துக் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நண்பரின் மகன் வீட்டுக்கு வந்தான். விஸ்காம் படிக்கிறான். "காசு கட்டாம நல்ல டாக்குமெண்டரி, குறும்படம் எல்லாம் எங்க மாமா பாக்கலாம்? தேடினா எல்லாருக்கும் வர்றதுதான் எனக்கும் வருது" என்றான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். கட்டண உயர்வைப் பற்றி இன்னொரு வாரம் பேசுவோம்.

முதலில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம். 1939இல் தொடங்கிய அரசு அமைப்பு. 2009 முதல் தன் படங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டிவருகிறது. நார்மன் மெக்லாரனின் 'நெய்பர்ஸ்' (1952) அங்கே இருக்கிறது. எட்டே நிமிடம். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர், நடுவே ஒரு பூ. அது யாருக்கு என்று தொடங்கும் சண்டை கொலையில் போய் முடிகிறது. உயிருள்ள மனிதர்களை நிற்கவைத்து, நகர்த்தி, ஒவ்வொரு சட்டகமாக எடுத்த படம். ஒலியைக்கூட அவர் கருவி வாசித்துப் பதிவு செய்யவில்லை. படச்சுருளின் ஓரத்தில் கீறிக் கீறி உண்டாக்கினார். அதே வாரியத்தில் ஆர்தர் லிப்செட் என்ற இளைஞர், மற்றவர்கள் வெட்டி எறிந்த ஒலித்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்ததிலிருந்து உருவான படம் 'வெரி நைஸ், வெரி நைஸ்' (1961). படிப்பு முடிந்ததும் என்ன செய்வதென்று தவிக்கும் எந்தப் பிள்ளையும் அதைப் பார்க்கவேண்டும்.

அடுத்தது இன்டர்நெட் ஆர்க்கைவ். அதில் ரிக் பிரெலிங்கர் என்பவரின் சேகரிப்பு இருக்கிறது. விளம்பரப் படங்கள், பள்ளிக்கூடங்களில் காட்டிய பாடப் படங்கள், தொழிற்சாலைகள் எடுத்த படங்கள், வீட்டு விசேஷங்களில் எடுத்தவை என்று யாரும் பாதுகாக்க நினைக்காததையெல்லாம் 1980களிலிருந்து சேர்த்தவர். அவற்றில் ஏராளமானவற்றை இறக்கிக்கொண்டு, வெட்டி ஒட்டிச் சொந்தப் படமும் செய்யலாம். நம் பக்கத்தில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) யூடியூபில் வெளிவந்த படம். மலம் அள்ளும் தொழிலாளர்களின் வாழ்வைச் சொல்லும் அந்தப் படத்தை அரங்குகளில் திரையிட விடாமல் தடுத்தார்கள். இணையத்தின் வழியாகத்தான் அது ஊர் ஊராகப் போனது. ஆனந்த் பட்வர்த்தனும் தன் 'ரீசன்' படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து 2019இல் யூடியூபில் ஏற்றினார்.

பட்டியலை இப்படியே நீட்டலாம். ஆனால் பட்டியல் ஒரு வாரத்துக்குத்தான் காணும். தேடும் முறை தெரிந்தால் ஆயுளுக்கும் போதும். தலைப்பையோ பொருளையோ வைத்துத் தேடினால் எல்லோருக்கும் கிடைப்பதுதான் கிடைக்கும். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடவேண்டும். ஒரு படம் பிடித்துப்போனால் ஒளிப்பதிவு யார், படத்தொகுப்பு யார், இசை யார் என்று பார்த்து, அந்தப் பெயர் வேறு எங்கெல்லாம் வருகிறதென்று போகவேண்டும். இதனால்தான், படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரையைச் சுருக்கி மூலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த படத்தை ஓட்டும் செயலிகள் மீது எனக்கு அத்தனை ஆத்திரம். உழைத்தவர்களின் பெயரை மறைப்பது ஒரு அநியாயம். அடுத்த படத்துக்குப் போகும் வழியையும் சேர்த்து அடைப்பது இன்னொன்று.

நான் பெயர் பிடித்துப் போன ஒரு வழியைச் சொல்கிறேன். பெயர் விஜய ராகவ ராவ். புல்லாங்குழல் கலைஞர். 'எக்ஸ்ப்ளோரர்' (1968) என்ற படத்தின் இசை அவருடையது. ஏழு நிமிடத்துக்குள் அடங்கும் கறுப்பு வெள்ளைப் படம். வர்ணனை கிடையாது. ஆடும் இளைஞர்கள், சாமி படங்கள், அச்செழுத்து, முகங்கள் எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் மாறி மாறி வந்து அறைகின்றன. முதல் தடவை பார்த்தபோது இது எந்த நாட்டுப் படம் என்று திகைத்தேன். எடுத்தவர் பிரமோத் பதி. எடுத்தது பம்பாயில். தயாரித்தது இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன்.

விஜய ராகவ ராவின் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஓவியர் எம்.எஃப். ஹுசைன் ராஜஸ்தானில் எடுத்த 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயிண்டர்' வருகிறது. ஒரு குடை, ஒரு லாந்தர் விளக்கு, ஒரு செருப்பு. இவை திரும்பத் திரும்ப வந்து போகின்றன, கதை ஏதுமில்லை. அந்தப் படம் 1967இல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி வாங்கியது. அதுவும் பிலிம்ஸ் டிவிஷன். பிரமோத் பதியைப் பிடித்துப் போனால் 'ஆபித்' (1972): ஒரு ஓவியர் ஒரு அறையை வரைந்து நிரப்புகிறார், பொம்மைபோல விட்டு விட்டு நகர்கிறார். மெக்லாரன் 'நெய்பர்ஸ்' படத்தில் கையாண்ட அதே உத்தி. பதி செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய் யிர்ஷி திரன்காவிடம் பொம்மைப் படக்கலை பயின்றவர். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்காக அரசு கேட்ட படத்தைக்கூட வெறும் உருவங்களையும் ஒலிகளையும் மோதவிட்டுச் செய்தார். 1975இல் நடுவயதிலேயே போய்விட்டார்.

பிறகு எஸ்.என்.எஸ். சாஸ்திரி. 'ஐ ஆம் 20' (1967). நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பிறந்தவர்களைத் தேடிப்போய் உங்கள் கனவு என்ன, இந்த நாடு உங்களுக்கு என்ன என்று கேட்ட படம். ஒருவர் நாட்டின் மீது தனக்குத் தனிப்பற்று ஒன்றும் இல்லை என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். அரசுப் பணத்தில் எடுத்து, அரசே வெளியிட்ட படத்தில்! அறுபதுகளின் நடுவில் ழான் பவ்நகரி என்ற மனிதர் பிலிம்ஸ் டிவிஷனில் தலைமை ஆலோசகராக இருந்தார். பாரிஸில் யுனெஸ்கோவில் வேலை பார்த்தவர், மண்பாண்டக் கலைஞர், மேஜிக் செய்பவர். ஹுசைன் கையில் கேமராவைக் கொடுத்தவர் அவர்தான். அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே இப்படி ஒருவர் உட்கார்ந்து, துணிந்து செய்யுங்கள் என்று சொன்னதால் விளைந்த காலம் அது. நாம் உலகத்துக்குக் காட்டவேண்டிய பரிசோதனைப் படங்கள் ஒரு அரசு அலுவலகத்தில் பிறந்தவை என்பதை நான் பெருமையோடு சொல்வேன். இவற்றில் பல இன்று யூடியூபில் கிடைக்கின்றன. கல்லூரியில் சினிமா படிக்கும் பிள்ளைகள் இவற்றைப் பார்க்காமல் பட்டம் வாங்கக் கூடாது.

இங்கேதான் என் மனக்குறை தொடங்குகிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்குப் பிலிம்ஸ் டிவிஷனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் டூரிங் கொட்டகையானாலும் டவுன் தியேட்டரானாலும் மெயின் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போட்டாகவேண்டும். அது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனை. அதற்கு வாடகையும் தியேட்டர்காரர்தான் கட்டவேண்டும். எங்கோ வெள்ளம், எங்கோ அணைக்கட்டுத் திறப்பு, எங்கோ ஒரு மலைக்கிராமத்து நெசவு. பீடி பற்றவைக்க வெளியே போனவர்கள் போக, உள்ளே இருந்தவர்கள் காதில் ஒரு குரல் விழுந்துகொண்டே இருக்கும். சற்று உரத்த, சுத்தமான, அவசரமில்லாத தமிழ். நாகாலாந்தையும் பக்ரா நங்கலையும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முதலில் சொன்னது அந்தக் குரல். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் தனித்தனியே வர்ணனை சேர்த்து, பிரதிகள் போட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்கு ஆவணப்படம் என்றாலே அந்தத் தமிழ்க் குரல்தான்.

இணையத்தில் தேடினால் அந்தக் குரல் கிடைப்பது அபூர்வம். ஏற்றப்பட்டிருப்பவை பெரும்பாலும் ஆங்கில வடிவம், இல்லையென்றால் இந்தி வடிவம். தலைப்பும் ஆங்கிலத்தில், விவரமும் ஆங்கிலத்தில். தமிழில் தட்டச்சு செய்து தேடும் ஒருவர் கண்ணில் இந்தப் படங்கள் படவே படாது. தமிழ் வர்ணனையை எழுதியவர்கள், பேசியவர்கள் பெயர்கள் எந்த விவரக்குறிப்பிலும் இல்லை. பெயர் இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போக வழியும் இல்லை. 8,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த நிறுவனத்தை 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். பழைய படங்களைக் காப்பாற்றும் தேசியத் திரைப்பட மரபு இயக்கத்துக்கு 597 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் தமிழ் ஒலித்தடங்களுக்கு எவ்வளவு, தெலுங்கு ஒலித்தடங்களுக்கு எவ்வளவு என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவராவது கேட்கவேண்டாமா?

பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் இவ்வளவு நேரம் ஏ.கே. செட்டியார் வரவில்லையே என்று பார்த்திருப்பீர்கள். வந்துவிட்டார். அவர் கதையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

கோட்டையூர்க்காரர். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்தநாளில், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவருக்கு ஒரு எண்ணம் தோன்றுகிறது: காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார். உலகம் முழுக்க யார் யாரோ காந்தியைப் படம் பிடித்திருக்கிறார்கள், அவை எங்கெங்கோ கிடக்கின்றன. செட்டியார் அவற்றைத் தேடிப் புறப்பட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்தவற்றிலிருந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். 1912இல் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது எடுத்த துண்டும் அதில் அடக்கம். தேடுபொறி கிடையாது. ஒருவரைப் பார்த்து அவர் சொல்லும் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போவது, கடிதம் போட்டுக் காத்திருப்பது, கப்பல் ஏறுவது. இதையெல்லாம் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். எத்தனை பேருக்கு இந்த நூலைப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன் என்பது என் வீட்டாருக்குத் தெரியும். அதில் தன்னைப் பற்றி அவர் பேசுவது மிகக் குறைவு. சுருள் கிடைத்ததா, எங்கே கிடைத்தது, கொடுத்தவர் யார். பெயர், பெயர், பெயர். உதவிய ஒருவரையும் விட்டுவிடக்கூடாது என்ற அக்கறை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடநூல் தமிழில் இல்லை.

படம் 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியானது, தமிழ் வர்ணனையோடு. பின்னர் தெலுங்கில், இந்தியில். 1953இல் அமெரிக்காவில் ஒரு ஆங்கில வடிவமும் வந்தது. காலப்போக்கில் எல்லாமே கண்ணிலிருந்து மறைந்தன. 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலைப் பதிப்பித்த வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல ஆண்டு தேடலுக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். அது 1953இன் ஆங்கில வடிவம். தமிழர் ஒருவர் உலகம் சுற்றிச் சேர்த்த காந்தியை, தமிழில் பேசவைத்துத் தமிழர்களுக்குக் காட்டிய காந்தியை, இன்று நாம் ஒரு அமெரிக்கரின் ஆங்கில வர்ணனையில் பார்க்கிறோம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பிலிம்ஸ் டிவிஷன் படங்களுக்கும் இதே கதி வந்துவிடக்கூடாது. அவை தொலைந்து எழுபது எண்பது ஆண்டு ஆகிவிடவில்லை. அந்தப் பிரதிகளைத் தூக்கிச் சுமந்தவர்களும் ஓட்டியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர்கள், படப்பெட்டி கொண்டுபோனவர்கள், கள விளம்பரத் துறை வேனில் ஊர் ஊராகப் படம் காட்டியவர்கள், பம்பாயில் தமிழ் வர்ணனை எழுதியவர்களின் பேசியவர்களின் குடும்பத்தார்: உங்களுக்குத் தெரிந்த பெயரை இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். ஒரே ஒரு பெயரானாலும் சரி. பரணில் தகரப்பெட்டியில் சுருள் ஏதாவது இருந்தால், திறக்கும்போது காடி வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கவேண்டாம், அறுந்துவிடும். நாற்பதுகளின் சுருளாக இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். பார்க்க வேண்டியவர்களிடம் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு.