பிள்ளைகளின் தலைப் பொடுகு: கேலி வேண்டாம், கவனம் வேண்டும்



காஞ்சிபுரத்தில் நாம் நடத்தும் மாலை மக்தபில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஓதி வருகிறான். ஒருநாள் அவன் தொப்பியைக் கழற்றியபோது வெண்செதில்கள் உதிர்ந்தன. அருகிலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும், "நாளை தலைக்குக் குளித்துவிட்டு வா" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம். அடுத்த இரண்டு நாள்கள் அவன் வரவில்லை. மருத்துவரிடம் காட்டியபோது, அது பொடுகே அன்று, தலையில் வரும் படர்தாமரை என்று தெரிந்தது. அவனுடைய தாயார் ஒரு நாளும் தவறாமல் அவனைக் குளிப்பாட்டியே அனுப்பியிருந்தார். பிழை நம்முடையது.

அன்றிரவு கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் இஹ்ராமுடன் இருந்த அவர்களின் முகத்தில் தலையிலிருந்து பேன்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. இவை உமக்குத் துன்பம் தருகின்றனவா என்று விசாரித்தார்கள். பிறகு தலையை மழித்துக்கொண்டு, அதற்குப் பரிகாரமாக ஃபித்யா கொடுக்கும்படி சொன்னார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனம் இதற்கு வழிகாட்டியது. இஹ்ராமின் சட்டத்திலேயே சலுகை தரும் அளவுக்குத் தலையில் வரும் துன்பத்தை மார்க்கம் பொருட்படுத்தியிருக்க, நாம் அதை நகைப்புக்குரியதாக ஆக்கலாமா?

பொடுகு அழுக்கினால் வருவதன்று. எல்லாருடைய தலையிலும் வாழும் ஒருவகைப் பூஞ்சை, தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உண்டு பெருகும்போது செதில்கள் உதிர்கின்றன. அந்தச் சுரப்பு பருவ வயதில் கூடுவதால், பொடுகு பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கைக்குழந்தையின் தலையில் மஞ்சள் நிறத்தில் படியும் பொருக்கு பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். அதை நகத்தால் பெயர்த்தெடுக்கக் கூடாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது பள்ளி செல்லும் சிறுபிள்ளைகளுக்குச் செதில் உதிர்ந்தால் கவனம் தேவை. முடி திட்டுத்திட்டாக உதிர்ந்தாலோ, வேரருகே ஒடிந்தாலோ, புண்ணோ வீக்கமோ கண்டாலோ அது படர்தாமரையாக இருக்கலாம். இது தொற்றக்கூடியது. ஷாம்பு மட்டும் இதைத் தீர்க்காது. மருத்துவர் தரும் மாத்திரையைப் பல வாரங்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் நோயை மறைத்து வளர்த்துவிடும்.

சாதாரணப் பொடுகுக்கு, மருத்துவரின் ஆலோசனைப்படி கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். எண்ணெயை நாள் முழுவதும் தலையில் தேக்கிவைப்பது பொடுகைக் கூட்டவே செய்யும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்ப்பது பிஞ்சுத் தோலை எரிக்கும். பெண் பிள்ளைகள் ஈரக்கூந்தலைக் கட்டி அதன்மேல் முக்காடிட்டு ஓத வருகிறார்கள். முதலில் கூந்தல் உலரட்டும். பொழுது சாயும்வரை தறியில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கு நேரம் அரிது என்பதை நாம் அறிவோம். ஆயினும் வாரம் ஒருமுறை பிள்ளையின் தலையை வெளிச்சத்தில் வகிடு பிரித்துப் பாருங்கள்.

பள்ளிவாசலில் பொதுவாக வைத்திருக்கும் தொப்பிகளையும், வீட்டில் ஒரே சீப்பைப் பலர் பயன்படுத்துவதையும் நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தத் தொப்பியும் சீப்பும் இருக்கட்டும். தொப்பியை அடிக்கடி துவையுங்கள். நம் மக்தபில் பொதுத் தொப்பிப் பெட்டியை எடுத்துவிட்டோம்.

முடி உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. முடிக்கே கண்ணியம் உண்டென்றால், அதைத் தாங்கும் பிள்ளையின் மனத்துக்கு எவ்வளவு உண்டு! அந்தச் சிறுவனிடம் நாம் வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டோம். இப்போது அவன் முன்வரிசையில் அமர்ந்து ஓதுகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் பேணும் பொறுப்பை நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.