தேன் பெட்டியை நீங்களே செய்யலாம், ஆனா முழுசா இல்ல!



"ஒரு காலிப் பெட்டி 1,400 ரூபாயா? நாலு பலகை, ஒரு கைப்பிடி ஆணி. இதை நானே வீட்டுல செஞ்சுடுவேனே!"

மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் இப்படித்தான் நினைச்சேன். தேன் பெட்டி பத்தி வீடியோ போட்டதிலிருந்து உங்கள்ல பல பேர் கேட்கிறதும் இதேதான். மாசச் சம்பளம் வாங்குறோம், சொந்த ஊர்ல கொஞ்சம் தோட்டம் இருக்கு, வார இறுதியில போய்ப் பார்க்கலாம், பெட்டியை நாமளே செஞ்சா செலவு பாதியாகும். கணக்கு சரிதானே?

பாதிதான் சரி. மீதிப் பாதியில நான் ஒரு தேனீக் கூட்டத்தையே இழந்தேன். அந்தக் கணக்கை இன்னைக்கு மறைக்காம சொல்றேன்.

என் முதல் பெட்டியின் பில்

எங்க ஊர் மார்த்தாண்டம் பக்கம். சுத்தி ரப்பர் தோட்டம். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும்போது, இலைக்காம்புல சுரக்கிற இனிப்புத் திரவத்தைத் தேடி ஈக்கள் வரும். அதனால இங்க தேன் பெட்டி இல்லாத தெரு குறைவு.

நான் செலவு பண்ணினது இது:

- மரம்: 520 ரூபாய்
- ஆணி, திருகு, பெயிண்ட்: 230 ரூபாய்
- வட்ட ரம்பம், டிரில், கிளாம்ப்: 6,500 ரூபாய்

பெட்டிக்கு 750 ரூபாய்தான் ஆச்சு. கடை விலையோட ஒப்பிட்டா 650 ரூபாய் மிச்சம். ஆனா கருவிக்குப் போட்ட 6,500 ரூபாயை எடுக்கணும்னா நான் 10 பெட்டி செய்யணும். எனக்குத் தேவை ரெண்டே ரெண்டு பெட்டி! ஆன்லைன்ல ஆஃபர் பார்த்ததும் கை தானா ஆர்டர் போட்டுடுச்சு. மிச்சம் பிடிக்கக் கிளம்பி செலவு இழுத்துவிட்ட கதை.

நேரம்? ரெண்டு வார இறுதி, மொத்தம் 14 மணி நேரம். "உங்க ஒரு மணி நேரச் சம்பளத்தால பெருக்கிப் பாருங்க"ன்னு சிலர் சொல்வாங்க. நான் அதை ஒத்துக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கம்பெனி எனக்குச் சம்பளம் தரப்போறதில்ல. பலகை அறுக்கிறது பிடிச்சிருந்தா அது செலவு இல்ல, பொழுதுபோக்கு. பிடிக்கலைன்னா செய்யாதீங்க, அவ்வளவுதான்.

உண்மையான நஷ்டம் பில்லுல வரவே இல்ல. அது அப்புறம் வந்தது.

ரெண்டு நூல் பிசகு

1,600 ரூபாய் கொடுத்து ஒரு கூட்டம் வாங்கி என் பெட்டியில விட்டேன். மூணு வாரம் கழிச்சுத் திறந்தா, சட்டத்துக்குள்ள கட்ட வேண்டிய அடையை ஈக்கள் ரெண்டு சட்டத்துக்கு நடுவுல கட்டி, எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டி வச்சிருக்கு. ஒரு சட்டத்தைத் தூக்கினேன். அடை உடைஞ்சு புழுவோட கீழ விழுந்தது. நாலு நாள் கழிச்சுப் பார்த்தா பெட்டி காலி. கூட்டம் பறந்து போயிடுச்சு.

பக்கத்துல இருக்கிற ஆசாரி அண்ணன்கிட்ட பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு அளவுகோல் வச்சுப் பார்த்துட்டுச் சிரிச்சார். "மக்கா, மூணு நூல் விட வேண்டிய இடத்துல அஞ்சு நூல் விட்டிருக்க. சும்மா கிடக்கிற இடத்துல ஈ வீடு கட்டத்தான் செய்யும்."

ஆசாரிமார் கணக்குல ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். இந்த மூணு நூல் இடைவெளிதான் நவீன தேன் பெட்டியோட மொத்த ரகசியமும். அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் கண்டுபிடிச்சது இது. சுமார் மூணு நூல் இடம் விட்டா ஈக்கள் அதை நடைபாதையா வச்சுக்கும். அதிகம் விட்டா அடை கட்டும். குறைஞ்சா ஈ நுழைய முடியாது. நம்ம ஊர் இந்தியத் தேனீ உருவத்துல சின்னது, அதுக்கு மூணு நூலுக்கும் கொஞ்சம் குறைவா, 8 மில்லிமீட்டர் வாக்குல போதும்.

லாங்ஸ்ட்ராத் 1852ல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா மரப்பெட்டிதானே, ஆளாளுக்கு வீட்டுலயே செஞ்சுக்கிட்டாங்க. காப்புரிமையால அவருக்குப் பெரிசா எதுவும் கிடைக்கல. அதாவது, வீட்டுல செய்ய முடியும்கிறதுல சந்தேகமே இல்ல. 170 வருஷமா உலகம் முழுக்கச் செய்றாங்க. அளவு தப்பினா மன்னிப்பு இல்லை, அதுதான் விஷயம்.

எதைச் செய்யலாம், எதை வாங்கணும்?

என் கருத்து இதுதான்: பெட்டிக்காகச் சட்டம் செய்யாதீங்க, சட்டத்துக்காகப் பெட்டி செய்யுங்க.

முதல்ல ஒரு முழுப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குங்க. தமிழ்நாட்டுல இந்தியத் தேனீக்குப் பரவலா இருக்கிறது நியூட்டன் பெட்டி. நூறு வருஷத்துக்கு முன்னாடி நியூட்டன் என்ற பாதிரியார் தென்னிந்தியாவுக்காக வடிவமைச்சது. அதுதான் உங்க மாதிரி. அதுக்கப்புறம்:

வாங்க வேண்டியது: சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் ஒரே அளவுல இருக்கணும். ஒரு பெட்டியோட சட்டம் இன்னொண்ணுல பொருந்தணும், தேன் எடுக்கிற இயந்திரத்துலயும் உட்காரணும். சொந்த அளவுல செஞ்சா நாளைக்கு அந்தப் பெட்டியை யாரும் வாங்கமாட்டாங்க, நீங்களும் அடுத்த பெட்டிக்கு ஒரு சட்டத்தைக்கூட மாத்த முடியாது. தேன் எடுக்கிற இயந்திரத்தை வாங்கவே வேண்டாம். ரெண்டு மூணு பெட்டிக்கு அக்கம்பக்கத்துல இரவல் போதும்.

செய்ய வேண்டியது: தாங்கு கால், அடிப்பலகை, மேல்மூடி. இதுல அரை இன்ச் முன்னப்பின்ன இருந்தாலும் ஈக்கு நஷ்டம் இல்ல. காலுக்கு அடியில எறும்புக்காகத் தண்ணிக் கிண்ணம் வைக்க மறக்காதீங்க. இது கைக்கு வந்தப்புறம் புழு அறை, தேன் அறை. வாங்கின சட்டத்தை உள்ள தொங்கவிட்டு, பக்கத்துலயும் கீழயும் இடைவெளி சரியா இருக்கான்னு பார்த்துட்டு ஆணி அடிங்க.

கருவி? வாங்காதீங்க. இ.எம்.ஐ. போட்டு வாங்கவே வாங்காதீங்க. மரக்கடையில அளவு எழுதிக் கொடுத்தா இழைச்சு அறுத்தே தருவாங்க. என் ரெண்டாவது பெட்டிக்கு அறுப்புக்கூலி, வாங்கின சட்டம் எல்லாம் சேர்த்து 950 ரூபாய் ஆச்சு. வீட்டுல தேவைப்பட்டது சுத்தியல், திருப்புளி, மூலைமட்டம். பெட்டிக்கு 450 ரூபாய் மிச்சம், அதுவும் முதல் பெட்டியிலிருந்தே.

மரத்துல கஞ்சத்தனம் வேண்டாம்

நல்லா காய்ஞ்ச மரமா இருக்கணும். ஈர மரம் வெயில்ல வளைஞ்சா நீங்க பார்த்துப் பார்த்து வச்ச மூணு நூல் காணாமப் போயிடும். ரப்பர் மரம் மலிவு, ஆனா பதப்படுத்தாததைச் சீக்கிரமே வண்டு துளைச்சிடும். பெயிண்ட் வெளிப்பக்கம் மட்டும். உள்ள பெயிண்ட், வார்னிஷ் எதுவும் கூடாது.

ஆபீஸ் குடோன்ல கிடைக்கிற பேலட் மரத்துல செய்யலாமான்னு கேட்பீங்க. அதுல முத்திரையைப் பாருங்க. ஹெச்.டி.ன்னு இருந்தா சூடேத்திப் பதப்படுத்தினது. எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது, தொடாதீங்க. முத்திரையே இல்லாததும் வேண்டாம்.

பழைய அடையோட இருக்கிற பெட்டி பாதி விலைக்கு வந்தாலும் யோசிங்க. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழிச்சது. எங்க ஊர்ல பெரியவங்க அதை இன்னும் மறக்கல. யாரோ ஒருத்தரோட நோயை 700 ரூபாய்க்கு வாங்காதீங்க.

450 ரூபாய்க்காகவா இவ்வளவு?

நியாயமான கேள்வி. நாலு பெட்டி செஞ்சா மிச்சம் 1,800 ரூபாய். ஒரு மாச எஸ்.ஐ.பி.க்குக்கூடப் பத்தாது. "வீட்டுலயே பெட்டி செஞ்சு லட்சத்துல சம்பாதிக்கலாம்"னு நான் சொல்லப்போறதில்ல. சொல்றவங்களையும் நம்பாதீங்க.

இதுல எனக்குக் கிடைச்ச லாபம் வேற. கடையில காசு கொடுத்தா ஒரே நாள்ல 20 பெட்டி வந்து இறங்கிடும், பார்த்துக்கத்தான் உங்களுக்கு நேரம் இருக்காது. கையால செய்யும்போது உங்க வேகம்தான் உங்க முதலீட்டோட வேகம். மூடி விரிசல் விட்டா, அடிப்பலகை உளுத்தா, யாரையும் எதிர்பார்க்காம மாத்திடலாம்.

இன்னைக்கு என்கிட்ட மூணு கூட்டம் இருக்கு. நாலாவது பெட்டி தயாரா இருக்கு, ஆனா காலியாத்தான் வச்சிருக்கேன். மூணைப் பார்த்துக்கவே லீவு பத்தல.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை பண்ணுங்க. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புக்கு ஒருநாள் பயிற்சி நடத்துது, போயிட்டு வாங்க. உங்க வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துல பெட்டிக்கு மானியம் இப்ப இருக்கான்னு கேளுங்க. மானியத்துல பெட்டி கிடைச்சா, என் 450 ரூபாய்க் கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு அதை வாங்கிக்கோங்க. அந்த ஞாயிற்றுக்கிழமைகள்ல தாங்கு கால் மட்டும் செய்யுங்க. போதும்!